படைக்கு மருந்து: கம்பவுண்டர் காலமும் டியூப் காலமும்

ஐப்பசியில் சம்பா நடவும் தாளடி நடவும் நடக்கிற நாட்களில் தஞ்சாவூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும், நடவாட்களின் கால்விரல் இடுக்குகள் வெளுத்து, ஊறி, தோல் உரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். சேற்றுப்புண். காலையில் வயலில் இறங்கிய கால் உச்சிவெயில் வரை சேற்றுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்தே குடியேறும். பாவாடை நாடா இறுகுகிற இடுப்பிலும், தொடை இடுக்கிலும், அக்குளிலும் வியர்வை தங்கிப் படை வரும். கார்த்திகை அடைமழையில் துணி காயாது. அரைகுறையாக உலர்ந்ததையே உடுத்திக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியிருக்கும். நெல்லுக்கு வாய்த்த மண் பூஞ்சைக்கும் வாய்த்த மண்தான். காவிரிப் படுகை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இதோடு வாழ்ந்திருக்கிறார்கள். மருந்துதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைக் கையில் கொடுப்பவரும், கொடுக்கும்போது அவர் சொல்லும் சொல்லும் மாறியிருக்கின்றன. மருந்தைவிட அந்தச் சொல் போனதுதான் பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

முன்பெல்லாம் வைத்தியம் கொல்லைப்புறத்தில் தொடங்கியது. சேற்றுப்புண்ணுக்கு மருதாணியை அரைத்து விரல் இடுக்கில் அப்பிக்கொண்டு படுத்துவிடுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் எல்லா வீட்டிலும் உண்டு. வாய்க்கால் கரையில் மஞ்சள் பூங்கதிரோடு நிற்கும் சீமை அகத்திக்கு வண்டுகொல்லி என்றும் பெயர். அதன் இலை படைக்கு மருந்து. இவற்றை நாட்டுப்புற நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. வண்டுகொல்லி இலையில் கிரைசோபானிக் அமிலம் இருக்கிறது. அந்த இலைச்சாறும் மருதாணிச்சாறும் பூஞ்சையை அடக்குவதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

தஞ்சை அரண்மனையிலும் மருந்துக்கு ஒரு மரபு இருந்தது. இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798 முதல் 1832 வரை) தன்வந்திரி மஹால் என்று ஒரு மருத்துவ நிலையத்தை நடத்தினார். மருந்துகள் அங்கே தயாராகின, சோதிக்கப்பட்டன, எழுதியும் வைக்கப்பட்டன. அந்தச் சுவடிகளைச் சரசுவதி மகால் நூலகம் பிற்காலத்தில் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற தலைப்பில் நோய்வாரியாக வெளியிட்டது. வைத்தியர் மருந்தைக் கொடுத்த காலத்தில் பத்தியமும் கூடவே வந்தது. எத்தனை நாள், எந்த வேளை, எதோடு சேர்த்து, எதைத் தவிர்த்து என்ற பேச்சு இல்லாமல் மருந்து மட்டும் தனியாகக் கைமாறியதில்லை.

அடுத்து வந்தது கம்பவுண்டர் காலம். டாக்டர் சீட்டு எழுதுவார். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் கம்பவுண்டர் மருந்தைக் கலப்பார். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலில் மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தை வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். படைக்கு விட்ஃபீல்ட் களிம்பு. ஆர்தர் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் 1907இல் சொன்ன கலவை அது: 100 பங்கில் 6 பங்கு பென்சாயிக் அமிலம், 3 பங்கு சாலிசிலிக் அமிலம், மீதி மெழுகுத் தளம். கம்பவுண்டர் கண்ணாடிப் பலகையில் வைத்துத் தட்டைக் கத்தியால் குழைத்து எடுப்பார். நூறு வருடம் தாண்டியும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற களிம்பு இது. குழந்தையின் வாயில் வெள்ளை படிந்தால் ஜென்ஷியன் வயலட், அதாவது ஊதா மருந்து. காலை நனைத்து வைக்கப் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த தண்ணீர்.

விட்ஃபீல்ட் களிம்பு எரியும், நாற்றமடிக்கும், துணியில் ஒட்டும். வாரக்கணக்கில் பூசினால்தான் படை போகும். அதைச் சொல்லி அனுப்பாவிட்டால் யாரும் பூசமாட்டார்கள் என்பது கம்பவுண்டருக்குத் தெரியும். 1939இல் பென்சிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோஃபுல்வின், 1958 வாக்கில்தான் மனிதர்களின் படைக்கான மாத்திரையாக வந்தது. கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால்தான் அது உடம்பில் நன்றாக ஏறும். நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு போடு என்று ஒருவர் சொன்னால்தான் போட்ட மாத்திரைக்குப் பலன்.

அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கம்பவுண்டர்களில் பலர் முறையாகப் படிக்காமல் அனுபவத்தால் வந்தவர்கள். இந்த வேலைக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்று நாடு சட்டம் போட்டதே 1948இல்தான். கலவை பிசகியிருக்கும், சுத்தம் குறைந்திருக்கும், சேற்றோடு சேற்றாக உழைத்த பண்ணையாள் குடும்பங்கள் அந்த ஜன்னலுக்கே வர முடியாமல் போயிருக்கும். ஆனால் தான் குழைத்த மருந்து எந்தத் தோலில் போய் உட்காருகிறது என்று கம்பவுண்டருக்குத் தெரிந்திருந்தது. ஆளையும் தெரியும், ஆள் செய்யும் வேலையும் தெரியும்.

பிறகு டியூப் வந்தது, புது மாத்திரைகளும் வந்தன. 1970களில் குளோட்ரிமசோல், 1990களில் ஃப்ளுகோனசோல், இட்ரகோனசோல், டெர்பினஃபின். எரிச்சல் இல்லை, நாற்றம் இல்லை, வேகமும் அதிகம். தமிழ்நாடு அரசு 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப ஆரம்பித்ததும், இலவச மருந்து கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை போய்ச் சேர்ந்தது. இது பெரிய சாதனை. பாபநாசத்துக்கும் திருவையாற்றுக்கும் ஒரத்தநாட்டுக்கும் உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களில்கூடக் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கிறது. தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ பஸ் ஏற வேண்டும். ஒருநாள் கூலி போகும். அதனால் கடைத்தெரு மெடிக்கல்தான் முதல் ஆஸ்பத்திரி.

அந்த மெடிக்கலில்தான் தவறு நுழைந்தது. பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாவுக்கு ஒன்று, இவற்றோடு குளோபெட்டாசோல் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு என எல்லாவற்றையும் ஒரே டியூபில் அடைத்த களிம்புகள் சந்தையை நிறைத்தன. படையில் பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். நல்ல மருந்து என்று பெயர் வரும், பக்கத்து வீட்டுக்கும் போகும். ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது உடம்பின் எதிர்ப்பைத்தான். அரிப்பும் சிவப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள். அது அடங்கியதும் பூஞ்சை அடியில் சத்தமில்லாமல் பரவும். பூசுவதை நிறுத்தினால் முன்னைவிட அகலமாகத் திரும்பும். வட்டமாக, ஓரம் தடித்து இருக்க வேண்டிய படை, டாக்டரே அடையாளம் காண முடியாதபடி உருமாறிவிடும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் காகிதமாக மெலிந்து வரிவரியாகக் கிழிந்திருக்கும். அந்த வரிகள் முழுதாக மறைவதில்லை.

ஏறத்தாழ 2014க்குப் பிறகு நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் ஒரே விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்: படை முன்போல் அடங்குவதில்லை. குடும்பத்தோடு வருகிறது, முகம் வரை ஏறுகிறது, டெர்பினஃபின் பலருக்குக் கேட்பதில்லை. இந்தப் பூஞ்சையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் தனி இனமாகப் பிரித்து ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். நம் நாட்டின் பெயரைச் சுமக்கிற பூஞ்சை. டெர்பினஃபின் தாக்க வேண்டிய நொதியின் மரபணுவிலேயே இதற்கு மாற்றம் ஏற்பட்டிருப்பதால் பலரிடம் அந்த மருந்து செல்லுபடியாவதில்லை. 2023இல் நியூயார்க்கிலும் இது தென்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்திருக்கிற மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தியாக இருக்க முடியாது.

காரணம் ஒன்று மட்டும் இல்லை. உடலை ஒட்டிய செயற்கை இழைத் துணி, ஒரே துண்டை வீடே பயன்படுத்துவது, ஏறிவரும் வெப்பம், பெருகிய சர்க்கரை நோய், பாதியில் நிறுத்திய மருந்து எல்லாம் சேர்ந்த கதை. இவற்றில் மருந்துக்கடையின் கவுண்டரில் நின்று தடுக்கக்கூடியவை இரண்டு: தவறான டியூபும் பாதியில் நிறுத்துவதும்.

சட்டம் தாமதமாக வந்தது. மேலே பூசுகிற ஸ்டீராய்டுகள் பல வருடங்களாக டாக்டர் சீட்டுக் கட்டாயத்திலிருந்து நழுவியே இருந்தன. 2018 மார்ச்சில்தான் 14 வகை ஸ்டீராய்டுகளை மத்திய அரசு அந்த வரம்புக்குள் கொண்டுவந்தது. நியாயமில்லாத கூட்டு மருந்துகளுக்கு 2016இலும் 2018இலும் தடை வந்தது. அவற்றில் இந்த வகைக் களிம்புகளும் உண்டு. ஆனாலும் கடைக்குப் போய்க் கேட்டால் ஏதோ ஒரு கலவை கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சுவரில் மாட்டிய சான்றிதழ் ஒருவருடையது, டியூபை எடுத்துக் கொடுக்கிறவர் வேறொருவர் என்ற நிலை இன்னும் தீரவில்லை. படித்த மருந்தாளுநர் தன் சான்றிதழை மாதவாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதை நான் மன்னிக்கத் தயாரில்லை. அவர் இல்லாத கடையில் நோயாளிக்குக் கிடைக்காமல் போவது என்ன என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மருந்தாளுநர் இருக்கிற கடையில் பேச்சு வேறு மாதிரி போகும்.

“தம்பி, போன மாசம் ஒரு டியூப்பு வாங்குனேன். மஞ்ச பொட்டி. அதையே குடுப்பா.”

“அத எத்தன நாள் போட்டீங்கம்மா?”

“நாலு நாள் போட்டேன். நமச்சல் நின்னுடுச்சு, விட்டுட்டேன். இப்ப இடுப்பு பூரா வந்துடுச்சு.”

“வீட்ல வேற யாருக்கும் இருக்கா?”

“மருமவளுக்கும் இருக்கு, பேரனுக்கும் இருக்கு.”

“சர்க்கரை மாத்திரை போடுறீங்களா?”

இந்தக் கேள்விகளைக் கேட்கச் சேர்ந்தாற்போல் ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் இவற்றின் பதிலில்தான் வைத்தியமே இருக்கிறது. கேட்ட டியூபில் ஸ்டீராய்டு இருந்தால் அதை மறுக்கலாம். ஸ்டீராய்டு இல்லாத களிம்பைக் கொடுத்து, படையின் ஓரத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் சேர்த்துப் பூசச் சொல்லலாம். அரிப்பு நின்றாலும், படை மறைந்தாலும், அதற்கு மேலும் ஒன்றிரண்டு வாரம் பூச வேண்டும் என்று அழுத்திச் சொல்லலாம். துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளவும் உள்ளாடையை வெயிலில் நன்றாகக் காயவைக்கவும் சொல்லலாம். மருமகளையும் பேரனையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று விளக்கலாம். உடம்பெல்லாம் பரவியிருந்தால், முகத்தில் வந்திருந்தால், குழந்தையாக இருந்தால், கர்ப்பமாக இருந்தால், கடையில் வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இந்த அனுப்புதலும் மருந்தாளுநரின் வேலைதான். வியாபாரம் போகுமே என்று நினைக்கிற முதலாளிகள் இருப்பார்கள். சரியாகச் சொன்ன கடைக்கு ஊர் திரும்பி வரும் என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை மாத்திரையைப் பற்றிய கேள்வி ஏன் என்று கேட்கலாம். ஃப்ளுகோனசோல் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டும். கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு போடுகிறவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இரத்தக்கசிவு ஏற்படலாம். இட்ரகோனசோலைக் கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டினோடு சேர்க்கவே கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ரகோனசோலே ஆபத்து. அந்தக் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். அசிடிட்டி மாத்திரையோடு போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. நம் ஊரில் அசிடிட்டி மாத்திரை போடாதவர்கள் குறைவு. இரண்டு டாக்டர்களிடம் பார்த்து இரண்டு சீட்டோடு வருகிறவரின் மருந்து முழுவதையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் மருந்தாளுநர்தான்.

மருந்தாளுநர்களில் பெண்கள் பெருகியிருப்பது நல்ல மாற்றம். ஆண்கள் மட்டுமே கவுண்டரில் நின்ற காலத்தில் வெள்ளைப்படுதலைப் பற்றியோ தொடை இடுக்குப் படையைப் பற்றியோ ஒரு பெண் வாய்திறப்பது கடினம். புருஷனையோ பிள்ளையையோ அனுப்பி “அரிப்புக்கு ஏதாச்சும்” என்று வாங்கிவரச் சொல்வார். இன்று “அக்கா, ஒண்ணு கேக்கணும்” என்று தாழ்ந்த குரலில் ஒரு பெண் பேசத் தொடங்க முடிகிறது. வெள்ளைப்படுவதெல்லாம் பூஞ்சையால் வருவதில்லை, ஒரு 150 மில்லிகிராம் ஃப்ளுகோனசோல் மாத்திரையோடு முடித்துவிடக் கூடாது, திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும், நாள் தள்ளியிருந்தால் இந்த மாத்திரை வேண்டாம் என்பதையெல்லாம் அந்த அக்கா சொல்ல வேண்டும்.

நெல் விளையும் ஊர்களில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கண். கதிரடிக்கும்போது தெறிக்கிற உமியும், நெல்லின் கூரும், தாளின் முனையும் கருவிழியைக் கீறிவிட்டால், அந்தக் கீறலில் ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் புகுந்துகொள்ளும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1997இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி வளர்ந்து உறுதியான கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை. முன்பு தாய்ப்பாலும் தும்பைச்சாறும் விட்டார்கள். இப்போது கடையில் “கண் சிவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க” என்கிறார்கள். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், பூஞ்சைப் புண்ணுக்கு அதைவிடக் கேடு இல்லை; சில நாட்களில் கண்ணில் பூ விழுந்துவிடும். இதற்குச் சரியான மருந்து நாட்டாமைசின் 5 சதவீதச் சொட்டு. அரவிந்த் மருத்துவமனையில் நடந்து 2013இல் முடிவு வெளிவந்த பெரிய ஒப்பீட்டுச் சோதனையில், புதிய மருந்தான வோரிகோனசோலைவிட நாட்டாமைசினே நன்றாக வேலை செய்தது. அதை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம், வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். அறுவடை இயந்திரம் வந்து களத்துமேட்டு வேலை குறைந்திருக்கிறது, உமியும் தூசியும் குறையவில்லை. தை மாதத்தில் சிவந்த கண்ணோடு வருகிறவரிடம் “வயக்காட்டுல ஏதாச்சும் பட்டுச்சா?” என்று மருந்தாளுநர் கேட்பதற்கு, ஒரு கண்ணின் மதிப்பு உண்டு.

ஆஸ்பத்திரிக்குள் மருந்தாளுநரின் அருமை 2021 மே மாதத்தில் தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை பரவியபோது, தமிழ்நாடு அரசு மே 20 அன்று அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆம்போடெரிசின் பி ஊசிக்கு நாடே தவித்தது. அந்த மருந்தில் சாதாரண வகை, லிப்போசோம் வகை என்று உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் சாதாரண வகைக்கு, 5 மில்லிகிராம் லிப்போசோம் வகைக்கு. லிப்போசோம் வகையின் அளவில் சாதாரண வகையை ஏற்றினால் உயிர் போகலாம். உப்பு நீரில் கலந்தால் மருந்து திரிந்துவிடும். குளுகோஸ் நீரில்தான் கலக்க வேண்டும். கையிருப்பைப் பார்த்து, வகையைப் பார்த்து, அளவைச் சரிபார்த்து வார்டுக்கு அனுப்புகிற பொறுப்பு மருந்தாளுநரிடம் இருக்கிறது. பூஞ்சை மருந்துகளை யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்று மறுபரிசீலனை செய்யும் குழு ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் வேண்டும். அதில் டாக்டருக்கும் ஆய்வுக்கூட நிபுணருக்கும் சமமாக மருந்தாளுநரும் உட்கார வேண்டும். 2008இல் தொடங்கிய ஃபார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு இதற்காகவே ஆட்களைத் தயார் செய்கிறது. படித்து வந்தவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்கேற்ற பணியிடத்தை உருவாக்காமல் இருப்பது பெரிய வீணடிப்பு.

டெல்டா விவசாயியிடம் இதையெல்லாம் விளக்குவது கடினம் என்று சொல்கிறவர்களை நான் ஏற்பதில்லை. புகையானுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சிக்குப் பழகிவிடும் என்பதை அவர் தன் வயலிலேயே பார்த்தவர். இலையுறை கருகலுக்கு உரக்கடையில் வாங்குகிற புரோபிகோனசோல், ஹெக்சாகோனசோல் எல்லாம் மெடிக்கலில் கிடைக்கிற இட்ரகோனசோலின் பங்காளிகள், ஒரே அசோல் குடும்பம். வயலில் அடித்த அசோலுக்குப் பழகிய ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, நுரையீரலுக்குள் வந்தால் அங்கே கொடுக்கிற அசோலுக்கும் அடங்காது. அப்படிப்பட்ட பூஞ்சையை இந்தியாவிலும் 2012இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். “நெல்லுக்கு நடந்ததுதாங்க ஐயா நம்ம தோலுக்கும் நடக்குது, பாதியில விட்டா கிருமி பழகிக்கும்” என்று மருந்தாளுநர் சொன்னால், அதைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர் விவசாயிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்தவர்களைத் தொழில்முனைவோராக்குவதும் அந்தத் திட்டத்தின் நோக்கம். மலிவு விலை ஒரு பக்கம் இருக்கட்டும். படித்தவரே கடையில் நிற்பார் என்பதுதான் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை. அந்தக் கடைகளில் பூஞ்சை மருந்து வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்க அரசு உத்தரவிடலாம்: எத்தனை நாள், எப்படிப் பூச வேண்டும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும். மாவட்ட மருந்து ஆய்வாளர்கள் சான்றிதழைப் பார்ப்பதோடு, சான்றிதழுக்கு உரியவர் நிற்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு அலமாரியில், அரிசி டின்னுக்கு மேலே, ஜன்னல் விளிம்பில், பாதி பிதுக்கிய டியூப் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எடுத்துப் பக்கத்து மெடிக்கலுக்குக் கொண்டுபோங்கள். மருந்தாளுநர் யார் என்று கேட்டு அவரிடமே காட்டுங்கள். இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, இதை எத்தனை நாள் பூச வேண்டும், நான் சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில்முறை விதிகள் எழுதி வைத்திருக்கின்றன. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.